மாடலிங் ஏஜென்ட் முன்பணம் கேட்டால் கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டையில் வசிக்கும் தங்கள் 19 வயது மகளுக்கு மாடலிங் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட், போட்டோ ஆல்பத்துக்காக 40,000 ரூபாய் முன்பணம் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நம்பகமான ஏஜென்சி வேலை பிடித்துக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கை, பெரும்பாலும் 20 சதவீதத்தை ஒட்டி, கமிஷனாக எடுத்துக்கொள்ளுமே தவிர, பதிவுக் கட்டணம் என்று முதலிலேயே வசூலிக்காது.

முதல் தேர்வுக்கு விலையுயர்ந்த ஆல்பமே தேவையில்லை. காலை வேளையில், மொட்டை மாடியில் நேர் வெயில் விழாத வெள்ளைச் சுவரோரம், ஒப்பனையின்றி, முடியை இழுத்துக் கட்டி, சாதாரண டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் அணிந்து, நேராகவும் பக்கவாட்டிலும் முழு உருவமாகவும் செல்போனில் எடுத்த படங்களும், சரியாக அளந்த உயரமும் உடல் அளவுகளும் போதும். என் தங்கைக்கு ராயபுரத்தில் எங்கள் தையற்கார அக்காதான் அளவெடுத்துக் கொடுத்தார், அதையே அனுப்பினோம்.

கையெழுத்திடும் முன், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு, வேறு ஏஜென்சியுடன் வேலை செய்யத் தடை உண்டா, படங்களை எங்கே எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள், சம்பளம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். முதல் சந்திப்புக்குத் தாங்களும் உடன் செல்லுங்கள். வேண்டாம் என்று தடுப்பவரிடம் மகளை அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.