ஹிட்டு வேற, ஆளு வேற

கேள்வி: சார், எங்க ஜவுளிக்கடை வெப்சைட்டோட அக்சஸ் லாகை (சர்வருக்கு வர்ற ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியா பதிவாகற ஃபைல்) மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல ஏத்தி கவுன்ட் போட்டேன், நம்பர் தாறுமாறா எகிறுது. நிஜமாவே அவ்ளோ பேரா வர்றாங்க? (ஈரோடு வாசகர்)

பதில்: நீங்க எண்ணினது ஆளை இல்லைங்க, லாக்ல விழற வரியை, அதாவது ஹிட்டை. ஒரு பக்கம் திறந்தா அதுல இருக்கற படம், சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனி வரி விழும், அதெல்லாம் கொயரியோட WHERE கண்டிஷன்ல கழிச்சிட்டு, யூசர் ஏஜென்ட்ல (வந்தது எந்த பிரவுசர், எந்த புரோகிராம்னு சொல்ற பகுதி) கூகுள்பாட் மாதிரி தானா சுத்தற புரோகிராம் பேரு இருக்கறதையும் தூக்கிடுங்க. ஐபி முகவரிக்கு டிஸ்டிங்க்ட் (DISTINCT) போட்டு ஒவ்வொண்ணையும் ஒரு தடவை மட்டும் எண்ணினாலும் முழுசா நம்பாதீங்க, மொபைல் நெட்வொர்க்ல நிறைய பேர் ஒரே ஐபில வருவாங்க. என்னைக் கேட்டா உருப்படியான ரிப்போர்ட் 404 தான் (கேட்ட பக்கம் இல்லைன்னு சர்வர் சொல்ற கோடு), அதை மட்டும் எடுத்து யூஆர்எல்லுக்கு குரூப் பை (GROUP BY) போட்டு ஒவ்வொரு முகவரிக்கும் தனியா எண்ணினா எந்த லிங்க் செத்துக் கிடக்குன்னு தெரிஞ்சிடும், ரெஃபரரையும் (எந்தப் பக்கத்துலருந்து வந்தாங்கன்னு சொல்ற பகுதி) சேர்த்தா தப்பான லிங்க் எந்த சைட்ல இருக்குன்னும் பெரும்பாலும் சிக்கிடும். ஆங், லாக்ல நேரம் யூடிசில (உலகப் பொது நேரம்) இருந்தா நம்ம இந்திய நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கோங்க, இல்லன்னா ராத்திரி 8 மணி கூட்டத்தை மதியம் 2.30னு காட்டும்.