வெளிக்கூண்டில் குஞ்சுகளுக்குச் சூடு

மூன்று வாரக் கோழிக்குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு மாற்றிய முதல் ராத்திரியே இரண்டு குஞ்சுகள் மூலையில் நசுங்கிச் செத்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இறகு முழுதாக முளைக்க 5, 6 வாரம் ஆகும். இந்த வயதில் 29 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். வாரம் 3 டிகிரி குறைக்கலாம்.

நீங்கள் போட்ட எல்இடி வெளிச்சம்தான் தரும், சூடு தராது. மீதி 15 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போடுங்கள். கம்பிக்கூடைக்குள் வைத்து, உமியில் விழாதபடி சங்கிலியால் இறுகக் கட்டுங்கள். மூலைகளில் அட்டையை வளைத்து வையுங்கள். காற்றடிக்கும் பக்கம் கீழே மட்டும் சாக்கு போதும். மேலே திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கிச் சளி பிடிக்கும்.

அப்புறம் ராத்திரி ஒருமுறை போய்ப் பாருங்கள். பல்புக்கடியில் குவிந்தால் சூடு பத்தவில்லை, வாயைப் பிளந்து ஓரம் ஒதுங்கினால் அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி.