கீமோவின்போது கைகால் விறைத்தால் வைத்தியரிடம் மறைக்கலாமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக என் அம்மாவுக்கு (வயது 58) மகரகம வைத்தியசாலையில் வாராந்தம் பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். இப்போது விரல் நுனிகளும் பாதங்களும் விறைக்கின்றன. சட்டைப் பொத்தானைக்கூடப் பூட்ட முடியவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, விற்றமின் பி மாத்திரை வாங்கித் தரச் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாத்திரையை இப்போது வாங்க வேண்டாம். அடுத்த மருந்து ஏற்றுவதற்கு முன்னரே இந்த விறைப்பை, பொத்தான் பூட்ட முடியாததையும் சேர்த்து, வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

புற்றுக் கலங்கள் பிரிவதைத் தடுக்கும் பக்லிடாக்செல், நரம்பிழைகளுக்குள் புரதங்களைக் கடத்த உதவும் நுண்குழாய்களின் வேலையையும் குலைப்பதால், மிக நீண்ட நரம்புகள் முடிவடையும் விரல்களிலேயே விறைப்பு முதலில் தோன்றுகிறது. இதை வராமல் தடுக்க நம்பத்தக்க மருந்து இன்னும் இல்லை. அளவைக் குறைப்பது, இடைவெளி விடுவது, வேறு மருந்துக்கு மாற்றுவது ஆகியவையே வைத்தியரிடம் உள்ள வழிகள். அம்மாவின் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆயினும் மறைத்து முழு அளவையும் ஏற்றிக்கொண்டால், சில மாதங்களில் தணியக்கூடிய பாதிப்பு பல ஆண்டுகள் நிலைத்துவிடலாம்.

விற்றமின் பி6ஐ நீண்ட காலம் மிகையாக உட்கொண்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நரம்புக்கு நல்லதென விற்கப்படும் அசிற்றைல்-எல்-கார்னிற்றினையும் தவிருங்கள்: பக்லிடாக்செல் வகை மருந்து பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், அதை உட்கொண்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு அதிகரித்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு தெரிந்தால் அதை ஈடுசெய்வது வேறு விடயம்; நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்களுக்கு அக்குறைவு ஏற்படுவதுண்டு. எரிவும் வலியும் இருந்தால் டுலொக்செற்றீன் என்ற மருந்து ஓரளவு உதவும், வெறும் விறைப்புக்கு அதன் பயன் குறைவு. அதையும் வைத்தியர் எழுதித் தந்தால் மட்டுமே கொடுங்கள்.

வீட்டில் சூடுதான் பெரிய ஆபத்து. குளிக்கும் வெந்நீரை நீங்கள் தொட்டுப் பார்த்த பின்னரே அம்மா பயன்படுத்தட்டும். கோயில் வீதியில் உச்சி வெயிலில் வெறுங்காலுடன் நடக்க விட வேண்டாம். குதிப் பட்டியுள்ள செருப்பு அணிவித்து, இரவில் பாதங்களில் காயம் உண்டா என்று பாருங்கள்.

கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, முதுகுவலியோடு சிறுநீர் போகாவிட்டாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ அதைக் கீமோவின் விறைப்பு என்று எண்ணிக் காத்திருக்காமல், உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.