ஆற்றை எதிர்த்துப் போகும் கப்பலில் ஏறுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: ஐரோப்பாவில் நதிக்கப்பல் பயணம்

கே: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் ஒரு வாரம் நதிக்கப்பலில் போக நினைக்கிறோம். ரைன் நதியா, டான்யூப் நதியா? விலையும் ஊர்களும் எல்லாத் திட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகர், மதுரை

ப: எத்தனை ஊர் என்று எண்ணாதீர்கள். எந்தெந்த இடத்தைக் கப்பல் பகல் வெளிச்சத்தில் கடக்கிறது என்று கேளுங்கள். நதிக்கப்பல்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடுகின்றன. பகலில் ஓர் ஊரில் கட்டிவிட்டு உங்களைச் சுற்றிப் பார்க்க அனுப்பிவிடுவார்கள். ஏழு இரவுப் பயணத்தில் மேல்தளத்து நாற்காலியில் சாய்ந்து கரையைப் பார்த்தபடி போகிற நேரம், விளம்பரப் படத்தைப் பார்த்து நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. அந்தக் கொஞ்ச நேரமும் தவறான இடத்தில் போய்விட்டால் கொடுத்த காசு வீண்.

ரைனில் கண்ணை மூடக்கூடாத இடம், ஜெர்மனியின் ரூடஸ்ஹைமுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே உள்ள சுமார் 65 கிலோமீட்டர். 2002இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு இது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சரிவில் திராட்சைத் தோட்டம், வளைவுக்கு வளைவு ஒரு கோட்டை. ஆற்றின் மேல்பகுதியில் உள்ள கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரும் கிலோமீட்டர் பலகைகள் கரையில் நிற்கும். 554 கண்ணில் பட்டதும் கிழக்குக் கரையை அண்ணாந்து பாருங்கள், அதுதான் லோரலை பாறை.

டான்யூபில் இதற்கு இணை ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கு. மெல்க் மடத்திலிருந்து கிரெம்ஸ் நகரம் வரை சுமார் 35 கிலோமீட்டர். நடுவில் டூர்ன்ஷ்டைன் ஊர்; இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192இன் கடைசியில் பிடித்துச் சிறைவைத்த கோட்டை, மேலே குன்றில் இடிந்து நிற்கிறது.

இனி, பலரும் கேட்க மறந்துபோகிற விஷயம்: திசை. வாஹாவில் ஓடும் சுற்றுலாப் படகு, மெல்க்கிலிருந்து கிரெம்ஸுக்கு ஆற்றோடு இறங்க ஒன்றேமுக்கால் மணி நேரம் எடுக்கிறது. அதே தூரத்தை ஆற்றை எதிர்த்து ஏற மூன்று மணி நேரம். உங்கள் கப்பலுக்கும் இதே கணக்குதான். நிதானமாகப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், புடாபெஸ்டில் ஏறி ஜெர்மனியின் பாஸாவ் நகரத்தில் இறங்கும் பயணத்தை எடுங்கள். ரைனில் ஆம்ஸ்டர்டாமில் ஏறி பாசலில் இறங்குங்கள். அதே காசுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் நேரம் பார்க்கலாம்.

முதல் தடவை என்றால் எங்கள் ஓட்டு டான்யூபுக்கு. புடாபெஸ்ட், பிராட்டிஸ்லாவா, வியன்னா மூன்று தலைநகரங்களும் ஆற்றங்கரையிலேயே இருக்கின்றன. புடாபெஸ்டில் கப்பல் ஓர் இரவாவது தங்குகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். விளக்கு ஏற்றிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் தண்ணீரிலிருந்து பார்க்காமல் திரும்பி வரக்கூடாது.

கே: தண்ணீர் குறைந்துவிட்டது என்று என் தங்கை குடும்பத்தைப் பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்களாம். அவ்வளவு பெரிய ஆற்றில் தண்ணீர் எப்படிப் போதாமல் போகும்?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: போகும். கூடினாலும் இதே கதைதான்.

பெரிய நதிக்கப்பல்களின் நீளம் 135 மீட்டர், அகலம் 11.4 மீட்டர். இந்த அகலத்துக்குக் காரணம் உண்டு. ரைனையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாய், பாம்பெர்கிலிருந்து கெல்ஹைம் வரை 171 கிலோமீட்டர், 1992இல் திறக்கப்பட்டது. அதில் 16 லாக்குகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள். ஒவ்வொன்றும் 12 மீட்டர் அகலம். கப்பல் உள்ளே நுழைந்தால் பக்கத்துக்கு ஒரு சாண் அளவுதான் மிச்சம். அறை ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் பாசி படிந்த ஈரச்சுவரில் தட்டும். ஆகையால் லாக்கில் கையை வெளியே நீட்டவே கூடாது.

கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் சுமார் ஒன்றரை மீட்டர் இறங்கியிருக்கும். அணை கட்டிய இடங்களில் ஆழத்துக்குக் குறைவில்லை. அணை இல்லாமல் ஆறு தன்போக்கில் ஓடும் இடங்களில்தான் சிக்கல். டான்யூபில் அப்படிப் பேர்போன இடம் ஜெர்மனியின் ஷ்ட்ராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவே உள்ள சுமார் 70 கிலோமீட்டர். ரைனில் காவுப் என்ற சிற்றூர். அங்குள்ள நீர்மட்ட அளவுகோல் 2018 அக்டோபரில் 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. இதைச் செய்தியில் படித்துவிட்டு ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று எண்ணிவிட வேண்டாம். அளவுகோலின் எண் வேறு, கப்பல் செல்லும் தடத்தின் ஆழம் வேறு. காவுபில் 78 சென்டிமீட்டர் காட்டும்போது தடத்தில் ஆழம் 1.9 மீட்டர். 25 என்றால் ஏறக்குறைய 1.4 மீட்டர், கப்பல் தரைதட்டிவிடும்.

வெள்ளம் வந்தால் தடை மேலே. பாலத்துக்கும் கப்பலுக்கும் நடுவே இடம் போதாது. மாலுமி அறையையே கீழே இறக்குவார்கள், மேல்தளத்துக் கைப்பிடிகளை மடக்குவார்கள், அடித்தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கப்பலைத் தாழ்த்துவார்கள். அதற்கும் மேலே தண்ணீர் போனால் போக்குவரத்தை அரசே நிறுத்திவிடும். 2013 ஜூனில் பாஸாவ் நகரத்தில் வெள்ளம் 12.89 மீட்டர் தொட்டது. 2024 செப்டம்பரில் ஆஸ்திரியாவில் கொட்டிய மழையில் கப்பல்கள் வியன்னாவில் நாள்கணக்கில் சிக்கி நின்றன.

பொதுவாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தண்ணீர் குறையும். பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் ஏறும். இரண்டுக்கும் நடுவே ஜூன் நடுப்பகுதி எங்களுக்குப் பிடித்த காலம். வியன்னாவில் இரவு ஒன்பது மணிக்குத்தான் இருட்டத் தொடங்கும். 2013 வெள்ளம் ஜூன் தொடக்கத்தில்தான் வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. எந்த மாதத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. பயண வழியைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது. நியூரம்பெர்க்–புடாபெஸ்ட் பயணம் அந்த 70 கிலோமீட்டரைக் கடந்தாக வேண்டும். பாஸாவ்–புடாபெஸ்ட் பயணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தில் ‘பயணத்திட்ட மாற்றம்’ என்ற பகுதியைப் படியுங்கள். பஸ்ஸில் கூட்டிப்போவதும் வேறு கப்பலுக்கு மாற்றுவதும் நிறுவனத்தின் உரிமை என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும்; பணம் திரும்பி வராது. பயணக் காப்பீடு இதற்கு ஏதாவது தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கே: அடித்தளத்து அறை மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?
– வாசகர், சென்னை

ப: தூங்க மட்டும் அறை போதுமென்றால் தாராளமாக எடுங்கள். ஜன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, திறக்க முடியாதபடி இருக்கும். கப்பலின் பின்கோடி அறைகள் மட்டும் வேண்டாம். இன்ஜின் அதிர்வு கட்டிலில் தெரியும். முன்கோடியிலும் கரை அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்தியின் உறுமல் விடியற்காலையில் எழுப்பிவிடும். பாஸாவிலிருந்து வியன்னா வரை ஒன்பது லாக்குகள். சிலவற்றை ராத்திரியில்தான் கடப்பீர்கள். சுவரில் உரசும் ‘டொக்’ சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

‘ஃபிரெஞ்சு பால்கனி’ என்று கூடுதல் விலை சொன்னால், அதில் காலெடுத்து வைக்க இடமில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தரைவரை திறக்கும் கண்ணாடிக் கதவு, அதன் முன் ஒரு கம்பி, அவ்வளவுதான். துறைகளில் இரண்டு மூன்று கப்பல்களை ஒட்டி ஒட்டிக் கட்டுவார்கள். அன்று உங்கள் பால்கனிக்கு எதிரே பக்கத்துக் கப்பல்காரரின் திரைச்சீலைதான் காட்சி. மிச்சமாகும் பணத்தில் வியன்னாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம்.

கே: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா? வாந்தி, தலைசுற்றல் வருமா?
– வாசகி, திருநெல்வேலி

ப: ஆற்றில் அலை இல்லை, தலைசுற்றலைப் பற்றிக் கவலை வேண்டாம். முழங்காலுக்குச் சில சோதனைகள் உண்டு. பல கப்பல்களில் லிஃப்ட் அடித்தளத்துக்கும் போகாது, மேல்தளத்துக்கும் போகாது. ஆகையால் அம்மாவுக்கு நடுத்தளத்து அறைதான் சரி. பக்கத்துக் கப்பல் வழியாகக் கரைக்குப் போகும் நாளில் ஏறி இறங்கப் படிகள் இருக்கலாம். ஊர்களில் பாதை முழுக்க உருண்டைக் கல் பதித்தது. நடைச் சுற்றுலாவில் ‘மெதுநடைக் குழு’ உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். பல கப்பல்களில் உண்டு.

கே: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். பட்டினி கிடக்க நேருமா?
– வாசகி, கும்பகோணம்

ப: முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்தால் நேராது. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் முட்டை உள்ளே வந்துவிடும். இறைச்சி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு, ஜெலட்டின் ஐந்தும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். காய்கறி சூப் என்று வருவதன் அடியில் மாட்டிறைச்சிச் சாறு இருப்பது அங்கே சாதாரணம். பாலாடை இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும்.

கரையில் சாப்பிடும்போது ஆஸ்திரியாவில் ஒரு வசதி. உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் சின்ன ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும்: ‘சி’ என்றால் முட்டை, ‘டி’ என்றால் மீன், ‘ஜி’ என்றால் பால். இவை ஒவ்வாமைக்கான குறிகள். இறைச்சிக்குக் குறி கிடையாது. அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். ‘ஓனே ஃப்ளைஷ்’ என்றால் இறைச்சி இல்லாமல், ‘ஓனே ஐ’ என்றால் முட்டை இல்லாமல்.

கே: கப்பல் நான்கு நாடுகளில் போகிறது. எந்த நாட்டுத் தூதரகத்தில் விசா கேட்பது?
– வாசகர், திருச்சி

ப: ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா, ஜெர்மனி நான்கும் ஷெங்கன் என்ற பொது விசா ஏற்பாட்டில் சேர்ந்த நாடுகள், ஒரே விசா போதும். அதிக நாள் எந்த நாட்டிலோ அங்கே விண்ணப்பியுங்கள். நாள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பலுக்கு முன்னும் பின்னும் ஹோட்டலில் தங்கும் நாள்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்; கணக்கு மாறுவது அங்கேதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். பெல்கிரேட் வரை போகும் கப்பல் என்றால் கவனம்: செர்பியா ஷெங்கனில் இல்லை. அங்கே போய்த் திரும்ப, பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள்.

கே: ஒரு வாரத்துக்கு வசதியில்லை. ஒரே நாளில் ருசி பார்க்க வழி உண்டா?
– வாசகர், சேலம்

ப: உண்டு, அதுவும் ஆற்றின் மிகச் சிறந்த பகுதியிலேயே. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாஹாவில் பகல் படகுகள் ஓடுகின்றன. வியன்னாவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் கிரெம்ஸ் போங்கள். ஆற்றை எதிர்த்து மூன்று மணி நேரம் மெல்க் வரை ஏறுங்கள். மடத்தைப் பார்த்துவிட்டு ரயிலில் வியன்னா திரும்பலாம். படகில் வலது பக்கம் உட்காருங்கள். டூர்ன்ஷ்டைன், வைசென்கிர்ஹென், ஷ்பிட்ஸ் ஊர்கள் அந்தக் கரையில்தான். ஷ்பிட்ஸ் தாண்டியதும் இடது பக்கத்துக்கு மாறிவிடுங்கள். ஆக்ஷ்டைன் கோட்டையும், கடைசியில் மெல்க் மடத்தின் மஞ்சள் சுவரும் அந்தப் பக்கம் வரும்.