புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று. இது மருத்துவமனையில் வந்ததா, எங்கள் கவனிப்பில் குறையா?

உங்கள் கவனிப்பில்தான் குறை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எங்களிடமும் சொன்னார்கள்: "வீட்டில் தண்ணீர் சரியாகக் கொடுத்திருக்க மாட்டீர்கள்." அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் மாமனாருக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் அறுவை. அது நன்றாகவே நடந்தது. அறுவை செய்தவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. வார்டில்தான் வினை. ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது உதவியாளர் யூரின் பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேலேயே வைத்தார். சிறுநீர் வடிவதற்காகப் போட்டிருந்த டியூபில் நின்றது உள்ளே திரும்புவதைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் பையைக் காலி செய்த பிளாஸ்டிக் குவளை கழுவாமல் எங்களுக்கும் வந்தது. பையின் குழாய் முனை அதன் விளிம்பில் உரசியது. கையுறையும் அதே கையுறை. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தானம்மா" என்றார் சிஸ்டர்.

வீட்டுக்கு வந்த சில நாளில் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர் காய்ச்சல். பெற்ற மகனையே யார் என்று கேட்டார். சிறுநீரில் என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஈ.கோலை என்ற கிருமி. மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய மருந்துகளுக்கு நேரே வரிசையாக 'ஆர்', அதாவது கேட்காது. மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசிக்காக மறுபடியும் சேர்த்தோம்.

மருத்துவர்கள் சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். டியூப் இருந்தாலே நாளொன்றுக்கு 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேரும். டியூபின் சுவரில் அது படலம் கட்டிக்கொண்டால் மருந்து எளிதில் எட்டாது. ஈ.கோலை அவரவர் குடலிலேயே இருப்பதுதான். எல்லாம் சரி. அதனால்தானே இந்த வகை அறுவைக்கு முன் சிறுநீர்க் கல்ச்சர் எடுத்து, கிருமி இருந்தால் மருந்து கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும் என்பது விதி? எங்கள் கோப்பில் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனைதான் இருந்தது. கிருமி முன்பே இருந்ததா, வார்டில் வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பழியை மட்டும் வீட்டில் இருப்பவள் மீது போட முடிந்தது.

உங்கள் கோப்பில் அறுவைக்கு முந்தைய கல்ச்சர் இருக்கிறதா, டியூப் எந்தத் தேதியில் போட்டு எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று பாருங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முதல் ஊசிக்கு முன் கல்ச்சருக்குச் சிறுநீர் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை என்று டிஸ்சார்ஜ் அன்று இரவு வரை உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒப்புதலில் கழித்த தொகையை எங்கள் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் முதல் வரியே கையுறை.