பிக்ளிங் பேஸ்ட்: டப்பாவில் பெயரில்லாத அமிலம்

கேள்வி: நானும் இரண்டு பையன்களும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட், மாடிப்படிக் கைப்பிடி செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். வெல்டிங் அடித்த இடத்தின் நீலக் கறை போக பிக்ளிங் பேஸ்ட் தடவுவோம். இந்த முறை விலை குறைவு என்று வேறு டப்பா வாங்கினேன். அதில் 'ஆசிட், கவனம்' என்பதைத் தவிர ஒரு எழுத்து இல்லை. தடவிய பையனுக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி விரல் நுனி விண் விண்ணென்று தெறித்து, தூங்கவே முடியவில்லை. தோலில் பெரிதாகக் காயமும் இல்லை. பேஸ்ட் கெட்டுப் போனதா? எதைப் பார்த்து வாங்குவது?
– கோவை வாசகர்

பதில்: அந்தப் பையனை இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால், படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் கூட்டிப் போங்கள். டப்பாவும் கூடவே போகட்டும். 'ஹைட்ரோபுளோரிக் அமிலமாக இருக்கலாம்' என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சாதாரண ஆசிட் காயம் என்று நினைத்துக் களிம்பு தடவி அனுப்பிவிட்டால் பயனில்லை.

பேஸ்ட் கெட்டுப் போகவில்லை, அதன் குணமே அதுதான். பிக்ளிங் பேஸ்டில் பெரும்பாலும் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோபுளோரிக் அமிலமும் இருக்கும். கண்ணாடியையே அரிக்கிற அமிலம் இது. கண்ணாடியில் பூ வேலை செய்வதற்கும், கணினிச் சிப் தயாரிப்பிலும், ஏசி வாயு செய்யவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேதியியல் கணக்கில் இது 'வலுக்குறைந்த' அமிலம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மேல்தோலைச் சட்டென்று சுடாமல் உள்ளே இறங்கி, புளோரைடாகப் பிரிந்து, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அமிலத்தின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் வலி தெரிய 24 மணி நேரம்கூட ஆகலாம். நகத்துக்கு அடியில் போனால் எலும்பு வரை குடையும். அதிகமாகப் பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயத்துடிப்பே தடுமாறும். 2012 செப்டம்பரில் தென்கொரியாவின் குமி நகரத் தொழிற்சாலையில் இதன் வாயு கசிந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? கடைக்காரரிடம் எம்.எஸ்.டி.எஸ். தாள் (பொருளில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாள்) கேளுங்கள். மூன்றாவது பகுதியில் என்னென்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று இருக்கும். 7664-39-3 என்ற வேதிப்பொருள் அடையாள எண் இருந்தால் அது ஹைட்ரோபுளோரிக் (கந்தக அமிலத்தின் எண் 7664-93-9, அவசரத்தில் குழம்பிவிடாதீர்கள்). தாள் இல்லை என்று சொல்லும் கடையில் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பேஸ்ட் வாங்கும் அன்றே 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் வாங்கி வையுங்கள். மெடிக்கலில் இல்லையென்றால் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பேஸ்ட் பட்டதும், வலி இல்லாவிட்டாலும், கையுறையைக் கழற்றி ஐந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜெல் இல்லாவிட்டால் கழுவிக்கொண்டே இருங்கள். கண்ணில் பட்டால் ஜெல் கூடாது, தண்ணீர் மட்டும்தான்.

மெல்லிய ரப்பர் கையுறை போதாது. முழங்கை வரை வரும் தடித்த நியோப்ரீன் கையுறை வேண்டும். போடுவதற்கு முன் தினமும் ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரிக் புகை நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெட்டவெளியில் தடவுங்கள். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் சுண்ணாம்பு கலந்து வையுங்கள், புளோரைடு கரையாத வண்டலாக அடியில் தங்கும்.

வீட்டுக்குள் போடும் கைப்பிடிக்கு இந்தப் பேஸ்ட் தேவையே இல்லை என்பது என் கருத்து. எஸ்.எஸ். பிரஷ்ஷும் பாலிஷும் போதும். வேலை நிறைய இருந்தால், பாஸ்பாரிக் அமிலமும் மின்சாரமும் வைத்துக் கறை எடுக்கும் மெஷின் வாங்கலாம். முதலில் செலவுதான், ஆனால் பையன்களின் விரலுக்கு அதுவே நல்லது.

கேள்வி: பில் பட்டறைப் பெயரில் இருக்கிறது. புகார் செய்ய முடியுமா?
– அதே வாசகர்

பதில்: வியாபாரத்துக்கு வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் நுகர்வோராகவே எடுத்துக்கொள்ளும். போதிய எச்சரிக்கை இல்லாமல் விற்ற பொருளால் ஏற்பட்ட தீங்குக்கு அதே சட்டத்தில் இழப்பீடும் கேட்கலாம். பில், டப்பாவின் நான்கு பக்கப் படம், மருத்துவரின் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மீதிப் பேஸ்ட்டை மூடி, கைபடாத இடத்தில் வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.