வெடித்த ஆலைக்குள் ஆளைத் தேடுவது: கேள்வி பதில்

பதில் சொல்பவர், நெல்லைச் சீமையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்.

பேட்டையிலிருந்து: அண்ணாச்சி, தீயணைப்பு வண்டி வந்ததும் உள்ள ஓடாம வாசல்லயே நின்னு பேசுதாங்களே, ஏன்?

அந்தப் பேச்சும் தேடுதல்தான். எந்த ஷிப்ட், எத்தனை பேர், யார் எந்த மெஷினில் நின்றார், டீ குடிக்க வெளியே போனது யார் என்று மேஸ்திரியைப் பிடித்துக் கேட்போம். வருகைப் பதிவேட்டை மட்டும் நம்ப முடியாது. ஒப்பந்தக் கூலி, வடமாநிலத்துத் தம்பிகள், லோடு இறக்க வந்த கிளீனர் பெயரெல்லாம் அதில் இல்லாமல் போகலாம். பெயரே இல்லாதவரைத் தேடச் சொல்லி யார் வந்து அழுவார்? எனக்கு ஆற்றாமை இதில்தான். அந்த நேரத்துக்குள் மற்றவர்கள் மின்சாரத்தைத் துண்டித்து, கேஸ் வால்வை அடைப்பார்கள். சமையல் கேஸ் காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனம் என்பதால் குழியிலும் வாறுகாலிலும் தேங்கி நிற்கும்.

அம்பாசமுத்திரம் அரிசி ஆலைக்காரர்: தவிட்டுத் தூசி கூட வெடிக்குமா?

வெடிக்கும். முதல் வெடி சின்னதாக இருக்கலாம். அந்த அதிர்ச்சியில் உத்திரத்தில் படிந்த தூசியெல்லாம் கிளம்பி, அடுத்தது பெரிதாக வெடிக்கும். அங்கே தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, தூறலாகத்தான் விட வேண்டும். உத்திரத்தைத் தூத்துச் சுத்தமாக வையுங்கள்.

கங்கைகொண்டானிலிருந்து: ஜேசிபி வந்து சும்மா நிக்கு. அள்ளிப் போட்டா சீக்கிரம் எடுக்கலாம்லா?

ஆத்திரம் புரிகிறது தம்பி. ஆனால் இடிந்த கூரை எப்போதும் தரையோடு ஒட்டி விழுவதில்லை. ஒரு பக்கம் சுவரில் சாய்ந்து நிற்கும், மெஷின் தாங்கி நிற்கும். அந்த இடுக்கில்தான் உயிர் இருக்கும். ஜேசிபி ஒரு பலகையை இழுத்தால் அந்த இடுக்கு மூடிக்கொள்ளும். முதலில் ஒரு நீண்ட விசில் ஊதுவோம்: எல்லா எஞ்சினும் நிற்க வேண்டும், யாரும் பேசக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், குழாயில் தட்டுவோம், காதை வைத்துக் கேட்போம். வெப்பத்தைக் காட்டும் கேமரா கான்கிரீட்டை ஊடுருவிப் பார்க்காது, காதுதான் முக்கியம். சத்தம் வந்த பக்கம் மரத்தில் முட்டுக் கொடுத்து, கையால் கல்லை எடுத்துக்கொண்டே போவோம். மூன்று குறுவிசில் என்றால் அத்தனை பேரும் வெளியே ஓடி வர வேண்டும். வாசலில் உறவுக்காரர்கள் கதறும்போது அமைதி கேட்பது கொடுமைதான். ஆனாலும் கேட்டாக வேண்டும்.

சங்கரன்கோவிலிலிருந்து: தூணுக்கடியில கால் மாட்டுனவர் நல்லா பேசுதாருன்னா, உடனே தூக்கி எடுத்துரலாமே?

மணிக்கணக்கில் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து அங்கேயே தேங்கியிருக்கும். பாரத்தை எடுத்ததும் அது ரத்தத்தோடு ஓடி இதயத்தை நிறுத்திவிடலாம். பேசிக்கொண்டிருந்தவர் கைக்கு வந்த நிமிடமே போய்விடுவார். அதனால் 108 ஆட்களையோ டாக்டரையோ உள்ளேயே அழைத்துப் போய், சலைன் ஏற்றிய பிறகே தூணைத் தூக்க வேண்டும்.

முன்னீர்பள்ளத்திலிருந்து: 2022 மே மாசம் அடைமிதிப்பான்குளம் குவாரியில பாறை சரிஞ்சப்ப தேசிய பேரிடர் மீட்புப் படை வந்துச்சே. அவங்க வார வரைக்கும்?

அவர்களின் 4-வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து சாலை வழியே வர ஏறக்குறைய அரை நாள் ஆகும். அதுவரை உள்ளூர் நிலையமும் ஆலைத் தொழிலாளிகளும்தான். ஆகவே ஆலையின் வரைபடம், ரசாயனப் பட்டியல், அன்றைக்கு உள்ளே போனவர் பெயர் மூன்றையும் வாசல் காவலாளியிடம் வையுங்கள். ஆபீஸ் ரூமில் வைத்தால் அதுவும் இடிபாட்டுக்குள் போய்விடும்.